கறுப்பு ஸ்பாஞ்சில் ஒரு காலிக் குழி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள், காலை வணக்கங்களுக்கும் மல்லிகைப்பூப் படங்களுக்கும் நடுவே ஒரு விமானம் வந்தது. இறக்கை இல்லை, வால் இல்லை. இறகு பிடுங்கிய கோழி மாதிரி நீளமான ஒரு டிரெய்லர் லாரியின் மேல் கிடந்தது. திருச்சி நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் திரும்ப முடியாமல் அரை நாள் நின்றதாம். சுற்றிலும் ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மைத்துனன் கீழே எழுதியிருந்தான்: "மாமா, இது உங்க ஆளுதானே?"

என் ஆளுதான். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்கதவுக்குக் கீழே இட்லி அளவில் ஒரு ஒட்டு. எப்போதோ ஒரு ஜீப் டிரைவர் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து இடித்த காயம் அது. அந்தத் தகட்டைப் பொருத்திய அன்று நான் பக்கத்தில் நின்றுகொண்டு, கோணல், கோணல் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்து, கையளவு போனிலும் கோணல் தெரிந்தது.

காபி ஆறிக்கொண்டிருந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு போயிட்டாங்க?" என்றாள். குழுவை நான் அவ்வளவு நேரம் பார்த்தால் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்பது அவள் கணிப்பு.

"யாரும் போகல. வந்திருக்கு," என்றேன்.

நான் விமானப்படையில் ஃப்ளைட் என்ஜினியராக இருந்தவன். சாமானும் சிப்பாய்களும் ஏற்றிப் போகும், இரண்டு புரொப்பெல்லர் வைத்த பழைய விமானம். பைலட்டுகள் முன்னால் பார்த்து ஓட்டுவார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து, எண்ணெய் அழுத்தம், சூடு, எரிபொருள் என்று சுவர் முழுக்க இருக்கும் மீட்டர்களைப் பார்ப்பேன். நாட்டின் பாதி மலைகளைத் தாண்டியிருக்கிறேன். ஒன்றையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. புதிதாக வந்த விமானங்களில் என் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அதில் என் நாற்காலியே கிடையாது. ஆகவே அந்த வகை விமானத்துக்கும் எனக்கும் ஒரே வருடம் ஓய்வு கொடுத்தார்கள். விமானத்துக்கு இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள் நின்று தண்ணீரைப் பீய்ச்சி வளைவு கட்டின. எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம். அது நாளைக்கு நாலு நிமிடம் முந்துகிறது.

காலையில் எழுந்ததும் ரங்கநாதரைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் பல வருட ஆசை. அதனால் ஸ்ரீரங்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடி வந்தோம். அவள் கோயிலுக்குப் போவாள். நான் வீட்டில் இருந்து ஃபேனைக் கேட்பேன். பார்ப்பேன் என்று எழுதவில்லை, கேட்பேன் என்றுதான் எழுதுகிறேன். பேரிங் போகப் போகிறது என்று ஆறு மாதம் முன்பே சொன்னேன், போயிற்று. குக்கர் விசிலடிக்கும் முன்பே "இப்ப அடிக்கும்" என்பேன். அவளுக்கு வரும் கோபத்துக்கு மீட்டர் இருந்திருந்தால் அதையும் பார்த்திருப்பேன்.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது பழைய விமானத்தின் மேல் பாசம் இல்லை. அரிப்பு. ஒன்பது வருடமாக மனசின் ஒரு மூலையில் இருந்த கேள்வி ஒன்று கண் விழித்து உட்கார்ந்தது. அந்த டார்ச் உள்ளே இருக்கிறதா, இல்லையா?

டார்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் போகும்போது விமானத்தோடு ஒரு ஃபிட்டர் வருவார். அவரிடம் ஒரு கருவிப்பெட்டி இருக்கும். திறந்தால் உள்ளே கறுப்பு ஸ்பாஞ்ச். ஒவ்வொரு ஸ்பானருக்கும், ஒவ்வொரு ஸ்குரூ டிரைவருக்கும் அதனதன் உருவத்திலேயே ஒரு குழி வெட்டியிருக்கும். ஒரு குழி காலியாக இருந்தாலும் தூரத்திலிருந்தே தெரியும். காலிக் குழியோடு விமானம் கிளம்பக் கூடாது. காணாமல் போன கருவி உள்ளே எங்காவது உருண்டு, தரைக்கு அடியில் ஓடும் கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பைலட் எவ்வளவு இழுத்தாலும் வால் அசையாது. அப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

அதனால் எஞ்சினைக் கிளப்பும் முன் நான் கேட்பேன், ஃபிட்டர் பதில் சொல்வார். மற்றவர்கள் ஆங்கிலத்தில் கேட்பார்கள். எங்கள் ஃபிட்டர் காட்டூர்க்காரர், நானும் திருச்சிக்காரன் என்பதால் எங்களுக்குள் தமிழ்தான்.

"பெட்டி?"

"நிறைஞ்சிருக்கு சார்."

யூனிஃபார்மில் இருக்கும்போதுதான் இந்த சார். லீவில் ஒரே ரயிலில் ஊருக்கு வருவோம். வண்டி விஜயவாடா தாண்டியதும் சார் போய் அண்ணே வந்துவிடும். அவர் வீட்டுப் புளியோதரையில் பாதி எனக்கு. அவர் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன் நான்.

ஒன்பது வருடங்களுக்கு முன், வடக்கே ஒரு மலை விமானத்தளத்தில் இருந்தோம். மத்தியானக் காற்று எழுந்துவிட்டால் அங்கிருந்து கிளம்ப முடியாது, மறுநாள்தான். உள்ளே ஸ்டிரெச்சரில் ஒரு சிப்பாய். உயரம் ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கீழே கொண்டுபோனால் பிழைப்பார், இங்கே இன்னொரு ராத்திரி தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கேட்டேன்:

"பெட்டி?"

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஃபிட்டர் பெட்டியைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். கழுத்து வளைந்த சின்ன டார்ச்சின் குழி காலியாக இருந்தது.

நாற்பது நிமிடம் தேடினோம். தரையில் தவழ்ந்தோம், சாமானை இறக்கினோம், வெளியே கல்லும் மணலுமாகக் கிடந்த தரையைக் காலால் கிளறினோம். காற்று எழ ஆரம்பித்தது. சிப்பாயின் இருமல் உள்ளிருந்து கேட்டது. அப்போது ஃபிட்டர் கேப்டன் முன்னால் போய் நின்று, "ஞாபகம் வந்துடுச்சு. சக்கரத்தைப் பாக்கக் குனிஞ்சப்ப கல்லு நடுவுல விழுந்தது. சத்தம் கேட்டுச்சு," என்று ஹிந்தியில் சொன்னார். வெளியே விழுந்துவிட்டது என்றால் உள்ளே இல்லை. உள்ளே இல்லை என்றால் கிளம்பலாம். கிளம்பினோம். சிப்பாய் பிழைத்தார்.

பிறகு விசாரணை. மலையில் அந்தக் கற்களைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள், டார்ச் இல்லை. எங்கள் தளத்தில் மூன்று நாள் விமானத்தின் தரையைப் பெயர்த்து, சந்து பொந்தெல்லாம் கேமரா விட்டுத் தேடினார்கள், அங்கேயும் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் இரண்டு விஷயம் சொன்னேன். ஃபிட்டர் சக்கரத்துப் பக்கம் குனிந்ததை நான் பார்க்கவில்லை. என் இடத்தை நானே முழுக்கத் தேடிவிட்டேன். அவ்வளவுதான். விமானத்தை விட்டுவிட்டார்கள், ஃபிட்டரை விடவில்லை. கருவி தொலைத்தது சின்னக் குற்றம். பொய் சொல்லி விமானத்தைக் கிளப்பியது பெரிய குற்றம். பறக்கும் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இரண்டு வருடத்தில் சர்வீஸை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

எனக்கு அவர் மேல் கொதிப்பு இருந்தது. உள்ளே ஒரு டார்ச் உருண்டுகொண்டிருக்கும்போது எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மலை தாண்ட வைத்தவர் என்று நினைத்தேன். அந்தக் கொதிப்பின் கீழே இன்னொன்றும் இருந்தது. ஒருவேளை நிஜமாகவே கல்லுக்கு நடுவில்தான் விழுந்திருந்தால்? அப்படியென்றால் உண்மை சொன்ன மனுஷனை என் வாயால் பொய்யனாக்கிவிட்டேன். உள்ளேயா, வெளியேயா? இரண்டில் ஒன்று. மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒரு தடவை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். இரண்டு பேரும் உடனே பஸ்களின் போர்டைப் படிக்க ஆரம்பித்தோம்.

அந்த விமானம் அதற்குப் பிறகு இரண்டு வருடம் பறந்தது. முழுதாகப் பிரித்துப் பார்க்கும் பெரிய சர்வீஸ் வரும் முன்பே அதை ஓரங்கட்டி, மற்ற விமானங்களுக்கு உதிரி பாகம் எடுக்க நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த வகை முழுக்க ஓய்வு பெற்றதும், வெறும் கூட்டை ஒரு என்ஜினியரிங் கல்லூரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரி திருவெள்ளறைப் பக்கம். என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். நாட்டில் எத்தனையோ ஊர் இருக்க, அது என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றால் நான் என்ன செய்ய முடியும்?

"போயிட்டு வாங்க," என்றாள் மனைவி. "இங்க உக்காந்து குக்கரை முறைக்கறதுக்கு அங்க போயி ப்ளேனை முறைங்க."

துறையூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். வாட்ச்மேன் என் வயதையும் என் கையில் இருந்த டார்ச்சையும் பார்த்துவிட்டு, எலக்ட்ரீசியனா என்று கேட்டார். விமானத் துறைப் பேராசிரியை வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் செயின் மாதிரி அளவு டேப் தொங்கியது. நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"இதுக்குள்ள உக்காந்திருக்கீங்களா? நிஜமாவா? சார், நான் இருபத்தஞ்சு வருஷமா பாடம் எடுக்கறேன், இப்படி ஒண்ணை இப்பத்தான் தொட்டே பாக்கறேன். உள்ள வாங்க, எங்கிட்ட ஒரு நோட்டு நிறையக் கேள்வி இருக்கு."

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அதை அவரிடம் சொல்லவில்லை. பழைய ஆள் பழைய வீட்டைப் பார்க்க வந்த மாதிரி காட்டிக்கொண்டேன். ஷெட்டுக்குள் மரக்கட்டைகளின் மேல் கூடு நின்றது. ஏணி வைத்து ஏறினேன். அந்த வாசனை அப்படியே இருந்தது: எண்ணெய், கான்வாஸ், அப்புறம் எப்போதோ ஏற்றிப் போன ஆடுகள்.

இரண்டு நாள் அவர் கேள்விக்குப் பதில் சொன்னபடியே தேடினேன். அவர் கேட்டதெல்லாம் நல்ல கேள்விகள். மூக்குப் பக்கம் பாரம் அதிகமானால் என்ன ஆகும் என்று நான் விளக்கியபோது, பாதியில் நிறுத்தி, "இல்ல சார், அது அப்படி இல்ல," என்று பலகையில் படம் போட்டுக் காட்டினார். முப்பது வருடம் நான் தப்பான காரணத்தோடு சரியாக வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் தரையில் தேடியது பலன் தரவில்லை. பலகைகளைப் பெயர்த்து அடியில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஒரு சீப்பு, இரண்டு பட்டன், கல்லாகிவிட்ட கொண்டைக்கடலை, யாரோ கையிலிருந்து அறுந்த சிவப்புக் கயிறு. டார்ச் இல்லை. அப்படியானால் வெளியேதான் விழுந்திருக்கிறது, அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும்.

மூன்றாம் நாள் அந்த அம்மா என்னை என் நாற்காலியில் உட்காரச் சொன்னார். மீட்டர்களைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். பேனல் முழுக்க வட்ட வட்டமாக ஓட்டை. ஓட்டைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது.

"இது என்னன்னு படிச்சுச் சொல்ல முடியுமா சார்? எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கையைத் தூக்கினேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் கை பைக்குப் போகவில்லை. நான் சொல்லாமலே இடது கை தலைக்கு மேலே போயிற்று. சத்தம் உள்ளே வராமல் இருக்கச் சுவரில் மெத்தை வைத்துத் தைத்திருப்பார்கள். என் நாற்காலிக்கு மேலே அந்த மெத்தையின் தையல் இரண்டு விரல் அளவு விட்டிருந்தது. கை அதற்குள் நுழைந்தது. உள்ளே குளிர்ச்சியாக எதுவோ விரலில் பட்டது.

என் கண்ணாடியை ஒளித்து வைக்கும் இடம் அது. கடைசி வருடங்களில் எனக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணாடி போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முள் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்டுபிடிப்பவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேருக்காக, யாரும் பார்க்காதபோது கண்ணாடியைப் போட்டு, யாராவது வந்தால் மேலே செருகிவிடுவேன்.

இரண்டு விரலால் இழுத்தேன். இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் திருகியதும் வந்தது. கழுத்து வளைந்த சின்ன டார்ச்.

அந்தக் காலைப்பொழுது அப்போதுதான் முழுசாக ஞாபகம் வந்தது. பேனலுக்குப் பின்னால் குழாயில் எண்ணெய்க் கறை தெரிகிறதா என்று பார்க்க, ஃபிட்டர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது திறந்திருந்த பெட்டியிலிருந்து டார்ச்சை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். கேப்டன் திடீரென்று படியேறி வரும் சத்தம். கண்ணாடியைக் கழற்றி அவசரமாகச் சட்டைப் பையில் போட்டேன். கையில் மிச்சம் இருந்ததைக் கண்ணாடி வைக்கும் இடத்தில் செருகினேன். அதோடு மறந்தேன். நிஜமாகவே மறந்தேன். அதை யாரும் நம்ப வேண்டியதில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

மூன்று நாள், பத்துப் பேர், கேமரா. எல்லாரும் குனிந்துதான் தேடினார்கள். விழுந்த பொருளைத் தேடினோம். வைத்த பொருளை யாரும் தேடவில்லை. வைத்தவன் என் இடத்தை நானே முழுக்கத் தேடிவிட்டேன் என்று சொல்லிவிட்டான். என் பேருக்கு மரியாதை கொடுத்து அதற்கு மேல் யாரும் அங்கே கை வைக்கவில்லை.

பட்டனை அழுத்தினேன். எரியவில்லை. பாட்டரி பொங்கி வெள்ளையாகப் பொடி கட்டியிருந்தது. பேராசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இதை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"எங்க லிஸ்ட்டுல அது இல்ல சார். எடுத்துக்கங்க," என்றார். அவருக்கு ஆயிரம் கேள்வி இருந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

வீட்டில் அந்த டார்ச் நாலு நாள் டிவி மேஜையில் இருந்தது. என் மனைவியிடம் முழுக்கச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள். பிறகு, "காட்டூர் பஸ்ஸு காலைல கூட்டமா இருக்கும். பத்து மணிக்கு மேல போங்க."

போனேன். தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வீட்டு முன்பகுதியிலேயே ஒரு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார். சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஆணி. ஆணியைச் சுற்றி அந்தக் கருவியின் உருவத்தைச் சிவப்புப் பெயிண்டால் வரைந்திருந்தார். எது இல்லை என்றாலும் சுவர் காட்டிக் கொடுத்துவிடும். அதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

"வாங்க சார்," என்றார். விஜயவாடாவுக்கு அந்தப் பக்கத்து சார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

டார்ச்சை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, யார் எடுத்தார்கள் என்பதில்லை.

"எங்க இருந்துச்சு?"

சொன்னேன். கண்ணாடியை, கேப்டனை, மெத்தையை, எல்லாவற்றையும். அவருக்கு வாய்ச்சொல் போதவில்லை. தினசரிக் காலண்டரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்துக் கொடுத்தார். பின்பக்கம் நாற்காலி, பேனல், தையல் விட்ட இடம் எல்லாம் வரைந்து காட்டினேன். அந்தப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இறுக்கமா இருந்துச்சா?"

"ரெண்டு விரலு விட்டுத் திருகித்தான் எடுத்தேன்."

"தானா விழுந்திருக்காதே?"

"விழாது. ஒன்பது வருஷமா விழலயே."

அவர் மூச்சை விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்தான் சார். சக்கரத்துப் பக்கம் நான் போகவே இல்ல. அந்தப் பையன் இருமுறதைக் கேக்க முடியல, சொல்லிட்டேன். எறங்கற வரைக்கும் தரையில காதை வச்சுக்கிட்டே வந்தேன். அதுக்கப்புறமும் அந்த ப்ளேன் ரெண்டு வருஷம் பறந்துச்சுல்ல? டிவியில எங்கயாச்சும் சரக்கு விமானம் விழுந்துச்சுன்னா, இது நம்மளாலயோன்னு நம்பரைத் தேடுவேன். ராத்திரி படுத்தா மூக்குலேர்ந்து வாலு வரைக்கும் தேடுவேன். மேல மட்டும் தேடல பாருங்க."

நான் ஒன்பது வருடம் கொதித்தேன். இந்த மனுஷன் ஒன்பது வருடம் பயந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேடவில்லை, வெட்கம்தான்.

"நான் எழுதிக் கொடுக்கறேன்," என்றேன். "ரெக்கார்ட் ஆபீஸுக்கு. எடுத்தவன் நான், வச்சவன் நான்னு."

அவர் சிரித்தார். "எதுக்கு சார்? ப்ளேனும் போச்சு, நீங்களும் வந்துட்டீங்க, நானும் வந்துட்டேன். அதை இனிமே யாரு படிக்கப் போறா?"

"நான் படிப்பேன்."

சொன்னது அவர் மனைவி. உள்வாசலில் எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது. நான் பந்தி விசாரித்த கல்யாணத்துப் பெண். குவார்ட்டர்ஸில் நாலு வீடு தள்ளி இருந்தவர். புருஷன் பொய்யன் என்று பேர் வாங்கிய பிறகும் அந்த வரிசையில் இரண்டு வருடம் தண்ணீர் பிடித்தவர். கையில் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் இருந்தன.

நோட்டை வாங்கினேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, ஃபிட்டர் முன்னால் முதல் தடவையாகப் போட்டுக்கொண்டேன். எழுதினேன். டார்ச்சை எடுத்தது நான், மெத்தையில் செருகியது நான், மறந்தது நான். கையெழுத்துப் போட்டு, பழைய சர்வீஸ் நம்பரையும் எழுதி அவர் மனைவியிடம் நீட்டினேன்.

அந்த அம்மா வெளிச்சத்துக்கு வந்து நின்று மெதுவாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணை விட்டுட்டீங்கண்ணே. விசாரணையில என்ன சொன்னீங்கன்னும் எழுதுங்க."

"சக்கரத்துப் பக்கம் பாக்கலன்னு சொன்னதா? அது நெசந்தானேம்மா..."

"அது நெசம். இன்னொண்ணு சொன்னீங்களே."

ஃபிட்டர் எழுந்துபோய், ஏற்கெனவே சரியாகத் தொங்கிய ஒரு ஸ்பானரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அன்று அந்த விசாரணை அறையில் இரண்டு பேர் பொய் சொல்லியிருந்தோம். அவருடைய பொய் ஒரு சிப்பாயைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது, அவருக்குத் தண்டனை கிடைத்தது. என்னுடைய பொய்யால் ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்லை, எனக்குச் சுவர்க்கடிகாரம் கிடைத்தது.

பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. "என் இடத்தை நான் முழுக்கத் தேடினேன் என்று சொன்னேன்," என்று எழுதினேன். "தேடவில்லை."